இரண்டு ராபின்சன்களும் என் பழைய ஐடியும்: 2007-ல் எழுதியதற்கு இன்று என்ன செய்வது?

#1 வைகைக்கரை

நண்பர்களுக்கு வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மதுரையில் வழக்கறிஞர். வயது 42. போன மாதம் ஒரு கட்சியிலிருந்து கூப்பிட்டு, தொலைக்காட்சி விவாதங்களில் கட்சி சார்பில் பேச வரமுடியுமா என்று கேட்டார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

காரணம், 2006 முதல் 2009 வரை நான் எழுதிய வலைப்பதிவு. சொந்தப் பெயர் கிடையாது. ஒரு புனைபெயர், ஒரு பூனைப் படம், அவ்வளவுதான். அரசியல், கிரிக்கெட், சினிமா என்று எழுதித் தள்ளினேன். பெரும்பாலானவை ஒன்றுமில்லாத பதிவுகள். ஆனால் 2007-ல் ஒரு பெண் பதிவரோடு சண்டை வந்தது. அவர் வைத்த வாதத்துக்குப் பதில் சொல்லத் தெரியாமல், அவருடைய விவாகரத்தை இழுத்து ஒரு பதிவு போட்டேன். அதோடு விட்டேனா, அவருடைய பதிவுக்கே போய் அனானியாக, அதாவது பெயர் காட்டாமல், நாலைந்து பின்னூட்டங்களும் போட்டேன். அதில் ஒன்றைப் போன வாரம் மறுபடி படித்தேன். உடம்பு கூசிப்போயிற்று. அதை இங்கே எடுத்துப்போட மாட்டேன்.

அதிலிருந்து, பழைய எழுத்தால் மாட்டியவர்களைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேர் மனதில் நிற்கிறார்கள். இருவர் பெயரும் ராபின்சன்.

ஒருவர் ஆலி ராபின்சன், இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர். 2021 ஜூன் 2, லார்ட்ஸ் மைதானம், நியூசிலாந்துக்கு எதிராக அவருடைய முதல் டெஸ்ட். ஆட்டம் தொடங்குமுன் இங்கிலாந்து அணி முழுவதும் பாகுபாட்டை எதிர்க்கும் வாசகம் போட்ட சட்டையோடு வரிசையாக நின்றது. அவரும் நின்றார். அன்றைக்கே, அவர் 2012, 2013-ல் போட்ட இனவெறி ட்வீட்டுகளும் பெண்களை இழிவுபடுத்திய ட்வீட்டுகளும் வெளியே வந்துவிட்டன. எழுதும்போது அவருக்கு வயது 18, 19. முதல் நாளிலேயே இரண்டு விக்கெட் எடுத்தவர், மாலையில் கேமரா முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டார்.

இன்னொருவர் மார்க் ராபின்சன். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத் துணை ஆளுநராக இருந்தவர், 2024-ல் குடியரசுக் கட்சியின் ஆளுநர் வேட்பாளர். அந்த வருடம் செப்டம்பர் 19-ம் தேதி சிஎன்என் ஒரு செய்தி போட்டது. 2008-க்கும் 2012-க்கும் இடையே ஓர் ஆபாசத் தளத்தின் விவாதப் பலகையில் ‘மினிசோல்டர்’ என்ற ஐடியில் எழுதியது இவர்தான் என்றது. கறுப்பரான அந்த மனிதர் தன்னைக் ‘கறுப்பு நாஜி’ என்று சொல்லிக்கொண்டதும், அடிமை முறை திரும்ப வந்தால் நல்லது என்று எழுதியதும் அதில் இருந்தன. அப்போது அவருக்கு நாற்பது வயதுக்கு மேல். தான் எழுதவே இல்லை என்று மறுத்தார். தேர்தலில் ஏறக்குறைய 15 புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்.

நான் எழுதும்போது எனக்கு 23, 24. பத்தொன்பதும் இல்லை, நாற்பதும் இல்லை. சரி, கேள்வி இதுதான். அழித்துவிடுவதா? கட்சிக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்வதா? பேசாமல் இருப்பதா?

#2 தென்காசிச்சாரல்

அண்ணே, இதற்கா இவ்வளவு யோசனை? இன்று ராத்திரியே வலைப்பதிவை டிலீட் பண்ணுங்கள். இரண்டு நிமிட வேலை. அந்தக் காலத்துப் பதிவர்களில் பாதிப் பேர் எழுதுவதையே விட்டுவிட்டார்கள். யாருக்கும் ஞாபகம் இருக்காது. வந்த வாய்ப்பை நீங்களே கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

#3 கணிமொழியாள்

தென்காசி சொல்வதுபோல அது இரண்டு நிமிட வேலை என்பது உண்மை. அதனால் பிரயோஜனம் இருக்குமா என்பதுதான் சந்தேகம். நான் இந்தத் துறையில் இருப்பவள் என்பதால் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று சொல்கிறேன். அதன் பிறகு முடிவு உங்களுடையது.

பெரும்பாலும் யாரும் ‘ஹேக்’ செய்வதே இல்லை. ஒரே ஐடியைப் பல இடங்களில் வைத்துக்கொள்வதுதான் முதல் ஓட்டை. மினிசோல்டர் விஷயத்தில் நடந்தது அதுதான். அதே ஐடி வேறு தளங்களிலும் இருந்தது. மார்க் ராபின்சன் வேறு இடங்களில் பயன்படுத்திய மின்னஞ்சல் முகவரியோடு பொருந்தியது. திருமணமாகி எத்தனை வருடம், எந்த ஊர், அம்மா எங்கே வேலை பார்த்தார் என்று போகிற போக்கில் எழுதிய தகவல்களும் பொருந்தின. கடைசியாக ஒரு விஷயம் செய்தார்கள், எனக்கு அதுதான் ஆச்சரியம். ‘புழுவுக்கே குமட்டும்’ என்கிற மாதிரி அபூர்வமான சில சொல்வழக்குகளைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த ஐடியும் அந்தச் சொற்களை எழுதியிருந்தது, அவருடைய சொந்தப் பெயர்க் கணக்கும் எழுதியிருந்தது.

தமிழில் இது இன்னும் சுலபம். ‘முயற்ச்சி’ என்று எழுதுகிற கை கடைசிவரை ‘முயற்ச்சி’ என்றுதான் எழுதும். ஒற்று எங்கே விடுகிறோம், ‘ஆகையினால்’ என்கிறோமா ‘அதனால’ என்கிறோமா, வாக்கியத்தை எத்தனை புள்ளி வைத்து முடிக்கிறோம் என்பதெல்லாம் கைரேகை மாதிரி. தங்கிலீஷ் எழுதுகிறவர்கள் என்றால் ழகரத்துக்கு என்ன எழுத்து போடுகிறார்கள் என்பதே போதும்.

இரண்டாவது ஓட்டை, நம்மைச் சுற்றி இருப்பவர்கள். 2017-ல் அமெரிக்க எஃப்பிஐ இயக்குநராக இருந்த ஜேம்ஸ் கோமி, தனக்கு ரகசியக் கணக்குகள் இருப்பதாக ஒரு கூட்டத்தில் சொன்னார். இன்ஸ்டாகிராமில் குடும்பத்தார் ஒன்பது பேர் மட்டுமே பின்தொடர்கிறார்கள் என்றும் சொன்னார். ஆஷ்லி ஃபைன்பெர்க் என்ற பத்திரிகையாளர் கோமியுடைய மகனின் கணக்கைத் தேடிப்பிடித்து, அதைப் பின்தொடர அனுமதி கேட்டார். இன்ஸ்டாகிராம் தானாகவே ‘இவர்களையும் பின்தொடரலாமே’ என்று ஒரு பட்டியலை நீட்டியது. அதில் ரைன்ஹோல்ட் நீபர் என்று ஒரு பெயர். கோமி கல்லூரியில் ஆய்வேடு எழுதியது அந்த இறையியலாளரைப் பற்றி. அவ்வளவுதான், கதை முடிந்தது. 2019-ல் செனட்டர் மிட் ராம்னியின் ‘பியர் டெலெக்டோ’ கணக்கைக் கண்டுபிடித்ததும் இதே பத்திரிகையாளர்தான். அங்கே வழிகாட்டியது பேத்தியின் கணக்கு.

உங்கள் காலத்து வலைப்பதிவுகளுக்கு வருகிறேன். அப்போது எல்லோரும் சைட்மீட்டர் என்ற வருகைக் கணக்குக் கருவியைப் போட்டிருந்தோம், ஞாபகம் இருக்கிறதா? எந்த ஊரிலிருந்து எந்த நேரத்தில் வந்தார்கள், ஐபி எண் என்ன என்று எல்லாம் காட்டும். அனானி பின்னூட்டம் வந்ததும் அந்த நிமிடத்துக் கணக்கைப் பார்த்து யார் என்று கண்டுபிடிப்பதே சிலருக்கு வேலையாக இருந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தும் வைத்திருப்பார்கள். உங்களைப் பற்றி ஒருவருக்குப் பதினெட்டு வருடமாகத் தெரிந்தே இருக்கலாம். நீங்கள் டிவியில் வரும்வரை அதைச் சொல்ல அவருக்குக் காரணம் இல்லாமல் இருந்திருக்கலாம்.

பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் பாருங்கள். நீங்கள் அழித்தாலும் அங்கே பிரதி இருக்கக்கூடும். அதோடு, அழித்தபிறகு பிரதி கிடைத்தால் எழுதியதும் செய்தி, அழித்ததும் செய்தி.

தமிழ் இணையத்தில் இன்னொரு தலைமுறைக்கு ஒரு தற்செயலான பாதுகாப்பு இருந்தது. யூனிகோடு வருவதற்கு முன்னால் யாஹூ குழுமங்களில் திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டில் எழுதினார்கள். அந்தக் குழுமங்கள் இப்போது இல்லை, ஆனால் யாராவது சேமித்துவைத்த பிரதியை இன்று திறந்தால் கட்டம் கட்டமாக, கிறுக்கலாகத் தெரியும். கூகுளில் தமிழில் தேடினால் சிக்காது. ஆனால் பொங்குதமிழ் மாதிரி ஒரு மாற்றியில் ஒட்டினால் ஒரு நொடியில் படிக்கலாம். அதற்கும் முன்னால், 90-களில் அமெரிக்காவில் படித்த தமிழ் மாணவர்கள் யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதப் பலகையின் சாக்.கல்ச்சர்.தமிழ் குழுவில் சொந்தப் பெயரோடும் பல்கலைக்கழக மின்னஞ்சலோடும் சண்டை போட்டார்கள். காற்றில் போய்விடும் என்றுதான் நினைத்திருப்பார்கள். 2001-ல் டேஜா நிறுவனத்தின் யூஸ்நெட் சேமிப்பைக் கூகுள் வாங்கி, 1981 வரைக்கும் பின்னோக்கித் தேடும்படி திறந்துவிட்டது. எழுதியபோது இல்லாத தேடல் பின்னால் வரும். இதை மட்டும் மறக்கவேண்டாம்.

#4 ரன்அவுட்

வைகைக்கரை சார், ஆலி ராபின்சன் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். நான் அந்த டெஸ்ட்டை ஒரு பந்து விடாமல் பார்த்தவன். மொத்தம் ஏழு விக்கெட் எடுத்தார், மட்டையிலும் 42 ரன் அடித்தார். முதல் டெஸ்ட்டிலேயே அப்படி ஆடியவர், அடுத்த டெஸ்ட்டில் இல்லை. விசாரணை முடியும்வரை சர்வதேச ஆட்டங்களிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அப்புறம் எட்டு ஆட்டத் தடை. அதில் ஐந்தை இரண்டு வருடத்துக்கு நிறுத்திவைத்தார்கள், மூன்றை ஏற்கெனவே அனுபவித்துவிட்டதாகக் கணக்கு. 3,200 பவுண்டு அபராதம். முதலில் நிறுத்திவைத்ததே அதிகம் என்று அன்றைய பிரதமர் போரிஸ் ஜான்சன் வரை பேசினார்கள்.

ஆகஸ்டில் நம் அணிக்கு எதிராகவே திரும்பி வந்தார். டிரெண்ட் பிரிட்ஜில் ஐந்து விக்கெட், ஹெடிங்லியில் இரண்டாவது இன்னிங்ஸில் ஐந்து விக்கெட், ஆட்ட நாயகன். நான்கு டெஸ்ட்டில் 21 விக்கெட். அவர் ஒவ்வொரு விக்கெட் எடுக்கும்போதும் எனக்குக் கோபம் வந்தது, அது நம் விக்கெட் என்பதால். ஆனால் அவர் ஆடவே கூடாது என்று ஒருநாளும் தோன்றவில்லை. குற்றம், விசாரணை, தண்டனை, அதற்கு ஒரு முடிவு. அந்த முடிவு இருந்ததுதான் எனக்குப் பிடித்தது. நம்மூரில் ஒருவனைப் பிடித்தால் ஒன்று மூன்று நாளில் மறந்துவிடுகிறோம், இல்லாவிட்டால் ஆயுளுக்கும் விடமாட்டேன் என்கிறோம்.

அந்த டெஸ்ட் நடந்த சில நாட்களிலேயே, இங்கிலாந்து வீரர்கள் பட்லர், மார்கன் இருவரும் இந்தியர்கள் பேசும் ஆங்கிலத்தைக் கிண்டல் செய்கிற மாதிரி ‘சார்’ போட்டு எழுதிய பழைய ட்வீட்டுகளும் வெளியே வந்தன. அவர்கள் அப்போது பதின்வயதுப் பையன்கள் இல்லை, அணியில் இருந்தவர்கள். அவர்கள் ஓர் ஆட்டம்கூட வெளியே உட்காரவில்லை. அது சரியில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

#5 நிலாமுற்றம்

இதுவரை நான்கு பதிவுகள் படித்தேன். அந்தப் பெண் பதிவரைப் பற்றி ஒருவர்கூட ஒரு வரி கேட்கவில்லை.

நானும் அந்தக் காலத்தில் வலைப்பதிவு எழுதியவள். வலைப்பதிவுகளைத் தொகுத்துக் காட்டிய தமிழ்மணம் திரட்டியில் இணைத்த அன்று என் பதிவு அதன் முகப்பில் வந்ததைப் பார்த்து அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூன்றாவது மாதம் ஓர் அனானி வந்தான். முதலில் என் கவிதையைக் கிண்டல் செய்தான். அப்புறம் நான் வேலை பார்க்கும் ஊர், நான் ஏறும் பேருந்து. அந்தப் பேருந்து எண்ணைப் பார்த்ததும் என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. நான் பார்த்து அனுமதித்தால்தான் வெளிவரும்படி பின்னூட்டத்தை மட்டறுத்தேன். வேறு பதிவுகளில் போய் என் பெயரிலேயே பின்னூட்டம் போட்டான். அடுத்த மாதம் எழுதுவதை நிறுத்திவிட்டேன். அப்பா ‘அதான் அப்பவே சொன்னேன்’ என்றார். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் எங்கேயும் ஒரு வரி எழுதவில்லை.

அவன் இன்று யார் என்று எனக்குத் தெரியாது. எங்கேயாவது நல்ல பதவியில் இருக்கலாம், நல்ல மனிதனாகக்கூட மாறியிருக்கலாம். அவன் மாறிவிட்டான் என்பதை நான் எங்கே போய்த் தெரிந்துகொள்வது?

வைகைக்கரை, உங்கள் கேள்வி மூன்றுமே உங்களைப் பற்றியவை. அழிப்பதா, சொல்வதா, பேசாமல் இருப்பதா. யாரிடம் சொல்வது என்றால் கட்சியிடம். அவரிடம் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லையா? கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே கேட்கிறேன்.

#6 வல்லைவெளி

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்போது டொரொன்டோ. நிலா அக்கா எழுதியதை வாசித்து நெஞ்சு கனத்துப் போச்சு. இருந்தாலும் புனைபெயரின் மறுபக்கத்தையும் கதைக்க வேண்டும்.

2006 தொடக்கம் 2009 வரை நானும் எழுதினேன். நான் கனடாவில் இருந்தேன், ஆனால் அம்மாவும் தம்பியும் ஊரில். நான் சொந்தப் பெயரில் ஒரு சொல் எழுதியிருந்தால் அது அவர்கள் வீட்டுப் படலையில் வந்து நின்றிருக்கும். ஒரு தரப்பைக் குறை சொன்னாலும் பயம், மற்றத் தரப்பைக் குறை சொன்னாலும் பயம். ‘தராக்கி’ என்ற பெயரில் எழுதத் தொடங்கிய பத்திரிகையாளர் சிவராமை 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்திக் கொன்றார்கள். அவர் யார் என்று அந்த நேரம் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

அந்த மூன்று வருடத்தில் எழுதியதில் இன்று எனக்கு உடன்பாடில்லாத கனக்க விஷயங்கள் இருக்கு. கோபத்தில் எழுதியது, ஒரு செய்தியை நம்பி எழுதியது. அவற்றை யாரும் தோண்டி எடுத்து ‘இதுதானா நீ’ என்று கேட்டால், ஓம், அந்தக் கிழமை அதுதான் நான் என்று சொல்வேன்.

ஆனால் ஒன்று. நான் பேரை மறைத்தது என்னைவிடப் பலமானவர்களைப் பற்றி எழுத. வைகைக்கரை பேரை மறைத்தது தன்னைவிடத் தனித்து நின்ற ஒரு பெண்ணை அடிக்க. இரண்டுக்கும் ஒரே முகமூடிதான், எனக்கு விளங்குது. ஆனபடியால்தான் ‘எல்லோரும் சொந்தப் பேரில் எழுதட்டும்’ என்று யாரும் சட்டம் கேட்டால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

#7 சாக்பீஸ்

வல்லைவெளி சொன்னதை வழிமொழிகிறேன். நான் அரசுப் பள்ளி ஆசிரியர். தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் 1973-ல் இருந்து எங்கள் தலைக்கு மேல் இருக்கின்றன. வகுப்பறைக் கூரை ஒழுகுகிறது என்று சொந்தப் பெயரில் எழுதினாலே விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். என்னிடம் ஒருமுறை கேட்டிருக்கிறார்கள், யார் எங்கே என்பது வேண்டாம். புனைபெயரில் எழுதிய அந்தப் பதிவுக்குப் பிறகுதான் கூரைக்கு ஆள் வந்தது.

பிரிட்டனில் ‘நைட்ஜாக்’ என்ற பெயரில் ஒரு துப்பறியும் காவலர் தன் வேலையைப் பற்றி வலைப்பதிவு எழுதினார். 2009-ல் அதற்கு ஆர்வெல் பரிசு கிடைத்தது. இரண்டு மாதத்தில் டைம்ஸ் பத்திரிகை அவர் பெயரை வெளியிட்டது. அதற்கு முன்பே, வெளியிடக் கூடாது என்று அவர் நீதிமன்றம் போயிருந்தார், ஆனால் வலைப்பதிவு எழுதுவது பொதுவெளிச் செயல், அதில் அந்தரங்கத்தை எதிர்பார்க்க முடியாது என்று நீதிபதி சொல்லிவிட்டார். வலைப்பதிவு அழிந்தது, அவருக்குத் துறையிலிருந்து எழுத்துமூல எச்சரிக்கை. பின்னால் 2012-ல்தான் தெரிந்தது, பத்திரிகையாளர் அவருடைய மின்னஞ்சலுக்குள் புகுந்துதான் பெயரைக் கண்டுபிடித்திருக்கிறார் என்று. பத்திரிகை 42,500 பவுண்டு இழப்பீடு கொடுத்தது. ஆனால் போன வலைப்பதிவு போனதுதான்.

#8 வைகைக்கரை

நிலாமுற்றம் அம்மா, உங்கள் பதிவை மூன்று தடவை படித்தேன். தோன்றவில்லை என்பதுதான் உண்மையான பதில். பதினெட்டு வருடத்தில் அவரை நினைத்ததே மூன்று நான்கு தடவை இருக்கும். அதுவும் ‘மாட்டிக்கொள்வோமோ’ என்ற பயத்தில்தான். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது, ஆனால் இதை மறைத்துவிட்டு உங்களிடம் ஆலோசனை கேட்பதில் அர்த்தமில்லை.

நான் வழக்கறிஞன் என்பதால் முதலில் சட்டத்தில்தான் ஒளிய இடம் தேடினேன். ஐரோப்பாவில் 2014 மே 13-ல் வந்த தீர்ப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1998-ல் ஒரு ஸ்பானியப் பத்திரிகையில் வந்த ஏல அறிவிப்பு, கூகுளில் தன் பெயரைத் தேடினால் இன்னும் வருகிறது என்று ஒருவர் வழக்குப் போட்டு ஜெயித்தார். தேடல் முடிவிலிருந்துதான் போகும், மூலச் செய்தி அப்படியே இருக்கும். அதிலும் அந்த நபர் பொது வாழ்வில் இருப்பவர் என்றால் கணக்கு மாறும் என்று தீர்ப்பே சொல்கிறது.

நம் நாட்டில் 2017-ல் உச்ச நீதிமன்றம் அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்தபோது, நீதிபதி கௌல் தன் தனித் தீர்ப்பில் இதைத் தொட்டிருக்கிறார். மனிதர்கள் மறந்துவிடுகிறார்கள், இணையம் மறப்பதும் இல்லை, மறக்க விடுவதும் இல்லை என்கிறார். மனிதன் மாறுகிறான், முதலில் நடந்த பாதையிலேயே அவனைக் கட்டிப்போடக் கூடாது என்றும் சொல்கிறார். அந்தப் பகுதியை முன்பு எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். இந்த முறை படிக்கும்போது மடியில் என் வழக்கு இருந்தது.

2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் தரவை அழிக்கச் சொல்லும் உரிமை இருக்கிறது. ஆனால் இதிலெல்லாம் எனக்கு எதுவும் கிடைக்காது. நான் அடுத்தவரைப் பற்றி எழுதியதை மறக்கச் சொல்லும் உரிமை எனக்கு எப்படி வரும்? கேட்க உரிமை உள்ளவர் என்றால் அவர்தான்.

#9 தென்காசிச்சாரல்

எல்லோரும் அண்ணனைப் போட்டு வதைக்கிறீர்கள். நான் நடைமுறை பேசுகிறேன். இவர் கொலை செய்யவில்லை, 24 வயதில் வாய் நீண்டுவிட்டது. அதற்காக 42 வயதில் வந்த ஒரே வாய்ப்பை விடவேண்டுமா? எதிர்க்கட்சி ஐடி விங்குக்கு நாமே தட்டில் வைத்துக் கொடுக்கவேண்டுமா? ஹாலிவுட் இயக்குநர் ஜேம்ஸ் கன்னைப் பாருங்கள். அவருடைய அரசியல் பிடிக்காதவர்கள்தான் பழைய ட்வீட்டுகளைத் தோண்டினார்கள். 2018 ஜூலையில் டிஸ்னி வேலையை விட்டுத் தூக்கியது, 2019 மார்ச்சில் அதே டிஸ்னி திரும்ப அழைத்தது. தோண்டுகிறவர்கள் நியாயத்துக்காகத் தோண்டுவதில்லை.

#10 கணிமொழியாள்

தென்காசி, தோண்டுகிறவரின் நோக்கம் கெட்டதாக இருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தோண்டினால் கிடைப்பது உண்மையா பொய்யா என்பது அதனால் மாறாது. கன் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. தூக்கியபோது அவர் ‘நான் எழுதவில்லை’ என்று சொல்லவில்லை. அப்போது எழுதியதற்கு இன்று முழுப் பொறுப்பு என்றார். அவர் பட நடிகர்களும் அவர் பக்கம் நின்றார்கள். மார்க் ராபின்சன் மறுத்தார், பிரச்சாரக் குழுவின் மூத்தவர்கள் பலர் விலகினார்கள், சிஎன்என் மேல் 5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார், 2025 ஜனவரியில் தானே அதைக் கைவிட்டார். அதே வட கரோலினாவில் அதே நாளில் அவருடைய கட்சியின் டிரம்ப் ஜெயித்தார் என்பதையும் கவனியுங்கள். மக்கள் கட்சியை விட்டுவிட்டு ஆளைத் தனியாக எடைபோட்டார்கள்.

இன்னும் ஒருவர், அமெரிக்க அரசியல்வாதி பெட்டோ ஓ’ரூர்க். 80-களின் கடைசியில், பதின்வயதில், ‘சைக்கடெலிக் வார்லார்ட்’ என்ற பெயரில் ஒரு ஹேக்கர் குழுவில் எழுதியவர். குழந்தைகள் மேல் கார் ஏற்றுவதாக ஒரு கொடூரக் கதைகூட அதில் உண்டு. 2019 மார்ச்சில் ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. ஆமாம், நான்தான், வெட்கப்படுகிறேன் என்றார். அவர் குடியரசுத் தலைவர் வேட்பாளர் ஆகவில்லை, அதற்கு வேறு காரணங்கள். ஆனால் இந்தக் கதையை அதற்குப் பிறகு யாரும் பெரிதாகத் தூக்கிப் பிடிக்கவில்லை.

#11 நிலாமுற்றம்

வைகைக்கரை, நீங்கள் மறைக்காமல் சொன்னதற்கு நன்றி. அவரை நேராகத் தொடர்புகொள்ளாதீர்கள். தெரியாத எண்ணிலிருந்து ‘நான்தான் அந்த அனானி’ என்று ஒரு செய்தி வந்தால் எனக்கு முதலில் வருவது பயம்தான், ஆறுதல் இல்லை. இருவருக்கும் தெரிந்த பழைய பதிவர் யாராவது இருந்தால், அவர் மூலம் ஒரே ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: மன்னிப்புக் கேட்டு எழுதினால் படிக்க விருப்பமா என்று. வேண்டாம் என்றால் அத்துடன் விட்டுவிடுங்கள். மன்னித்துவிட்டேன் என்று அவர் வாயால் வாங்கி, அதை டிவியில் காட்ட வைத்துக்கொள்ளாதீர்கள்.

அதுவரை அந்தப் பதிவை அழிக்காதீர்கள். அது அவருக்குச் செய்யப்பட்டது. என்ன செய்யலாம் என்று அவர் சொல்லட்டும்.

#12 வைகைக்கரை (பதினாறு நாள் கழித்து)

நண்பர்களே, நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு பழைய பதிவர் நண்பர் மூலம் கேட்டேன். அந்த அம்மாவும் அவரும் அக்கா தம்பி மாதிரி, இன்றும் பழக்கம். அவரிடம் நான் செய்ததைச் சொன்னபோது ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் ‘அவங்களுக்கு அப்பவே தெரியும்’ என்றார். என் பதிவுகளில் எல்லாம் ‘ஆகவேதான் சொல்கிறேன்’ என்று ஒரு முடிப்பு வரும். அனானி பின்னூட்டத்திலும் இரண்டு இடத்தில் அதே முடிப்பு. அந்த அம்மா 2007-லேயே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். இந்த நண்பரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

என் கடிதத்தைப் படிக்க விருப்பமில்லை என்று சொல்லிவிட்டார். இரண்டு விஷயம் மட்டும் சொல்லி அனுப்பினார். என் வலைப்பதிவில் அவர் பெயர் உள்ள அந்தப் பதிவை எடுத்துவிடவேண்டும். அவருடைய பதிவில் இருக்கும் என் பின்னூட்டங்கள் போகவேண்டும், ஏனென்றால் அவருடைய மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள், அம்மா எழுதியதைத் தேடிப் படிக்கிறாள்.

பதிவை அன்றே எடுத்தேன். அந்த இடத்தில், இங்கே ஒருவரைப் பற்றி நான் எழுதிய இழிவான பதிவு இருந்தது, அவர் கேட்டதால் நீக்கினேன், எழுதியது நான்தான் என்று என் சொந்தப் பெயரைப் போட்டு நான்கு வரி வைத்திருக்கிறேன். அதில் அவர் பெயர் இல்லை. அதை வைப்பது பற்றியும் நண்பர் மூலம் கேட்டுக்கொண்டேன். மற்ற பதிவுகள், அசட்டுத்தனமானவை உட்பட, அப்படியே இருக்கின்றன. வேபேக் மெஷினுக்கு அந்த ஒரு பக்கத்தை மட்டும் விலக்கக் கேட்டு எழுதியிருக்கிறேன்.

கட்சியில் என்னைக் கூப்பிட்டவரிடம் நேரில் போய்ச் சொன்னேன். ‘யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது, விடுங்கள் வக்கீல் சார்’ என்று டீ வாங்கிக் கொடுத்தார். மேலே சொல்லிவிட்டு முடிவு செய்யுங்கள் என்று எழுத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். இன்னும் பதில் இல்லை. எதுவானாலும் சரி.

ஒன்றில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அனானியாகப் போட்ட பின்னூட்டத்தைப் போட்டவனால் நீக்க முடியாது, பதிவின் உரிமையாளர்தான் நீக்கமுடியும். அந்த அம்மா அந்தப் பதிவைத் திறந்தது ஒரு பழைய யாஹூ மின்னஞ்சலில். அது செயலிழந்து பல வருடம் ஆகிறது. உள்ளே போக வழியில்லை என்கிறார்.

#13 கணிமொழியாள்

வழி இருக்கிறது என்று நினைக்கிறேன். முதலில் கணக்கு மீட்பு முயற்சி. அவர் அதில் தொலைபேசி எண் ஏதாவது கொடுத்திருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் பிளாகர் (கூகுளின் வலைப்பதிவுத் தளம்) உள்ளடக்கத்தை நீக்கக் கூகுளிடம் சட்டப்பூர்வமான ஒரு படிவம் இருக்கிறது. அவரே விண்ணப்பிக்கலாம். எழுதியவன் நான், நீக்க முழுச் சம்மதம் என்று வைகைக்கரை கையெழுத்திட்டுக் கொடுத்தால் அதையும் இணைக்கலாம். ஒவ்வொரு பின்னூட்டத்துக்கும் தனி இணைப்பு எடுக்கவேண்டும், பின்னூட்டத்தின் நேரத்தின் மேல் சொடுக்கினால் வரும்.

#14 நிலாமுற்றம்

அந்தப் படிவத்தை அவர் தனியாக உட்கார்ந்து நிரப்பவேண்டாம். அந்த வரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து இணைப்பு எடுக்கவேண்டியிருக்கும், அவற்றை அவர் மறுபடி படிக்கும்படி ஆகிவிடும். உங்கள் நண்பரிடம் சொல்லி என் மின்னஞ்சலை அவருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். அவருக்குச் சம்மதம் என்றால் இணைப்புகளை நான் எடுத்துத் தருகிறேன். அவர் பெயரும் கையெழுத்தும் மட்டும் போட்டால் போதும். சனி, ஞாயிறு எனக்கு விடுமுறைதான்.